பிள்ளை விட்டுச்சென்ற நாய்

நாய் வேண்டும் என்ற கோரிக்கை தமிழ்நாட்டு நடுத்தர வீடுகளில் பெரும்பாலும் பிள்ளைக்கு ஒன்பது, பத்து வயதாகும்போது எழுகிறது. அதற்கு முன்னால் அடம்பிடிக்கும் வலு போதாது; அதற்குப் பிறகு டியூஷன் வந்துவிடும். வாக்குறுதிகளும் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் ஒன்றுதான். காலையிலும் சாயங்காலமும் நானே வாக்கிங் கூட்டிக்கொண்டு போவேன், நானே குளிப்பாட்டுவேன், அசிங்கம் பண்ணினால் நானே அள்ளுவேன். ஒரு கோடை விடுமுறை வரை இது தாங்கும். பள்ளி திறந்ததும் வேலை அம்மாவுக்கோ அப்பாவுக்கோ கைமாறிவிடும். பிள்ளைக்குக் கொஞ்சுகிற உரிமை மட்டும் மிஞ்சும்.

இதற்குள் ஒரு கணக்கு இருக்கிறது. குட்டியை வாங்கும்போது யாரும் அதைப் போட்டுப் பார்ப்பதில்லை. பத்து வயதில் வந்த குட்டிக்கு, பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பு முடித்து விடுதிக்குப் பெட்டி கட்டும்போது எட்டு வயது. இளங்கலை முடித்து வெளிநாடு போகும்போது பன்னிரண்டு. பிரிட்டனில் 5,80,000-க்கும் மேற்பட்ட நாய்களின் பதிவுகளை வைத்து 2024இல் வெளியான ஆய்வு, நாயின் இடைநிலை ஆயுள் 12.5 ஆண்டுகள் என்றது. லாப்ரடாருக்குச் சுமார் 13 ஆண்டுகள். சப்பை மூக்குள்ள பிரெஞ்சு புல்டாக்குக்கு 9.8தான். ஆக, பிள்ளையின் குழந்தைப் பருவத்துக்காக வந்த நாயின் முதுமை, பிள்ளை வீட்டில் இல்லாத ஆண்டுகளில் சரியாக வந்து உட்காருகிறது. அதைத் தூக்கிச் சுமப்பவர்கள் முதலில் ‘வேண்டாம்’ என்று சொன்ன பெற்றோர்.

பிள்ளைகள் போன வீட்டைப் பற்றிய எழுத்துகளில் நாய் ஒரு மருந்தாகவே வருகிறது: தனிமையா, ஒரு நாய் வளர்த்துக்கொள்ளுங்கள். நம் வீடுகளில் நிலைமை வேறு. நாய் ஏற்கெனவே இருக்கிறது. அதற்கும் வயதாகிவிட்டது. அதுவும் யாரையோ தேடுகிறது.

வீடு காலியாவதே நமக்குப் புதுசு. ஐந்தாறு பிள்ளைகள் இருந்த தலைமுறையில் கடைக்குட்டி வேலைக்குப் போவதற்குள் மூத்தவளின் பிள்ளை தாத்தா வீட்டுத் திண்ணையில் தவழ்ந்துகொண்டிருக்கும். வீடு நிரம்பியபடியேதான் இருந்தது. இந்தியப் பதிவாளர் அலுவலகத்தின் மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்புப்படி 2020இல் தமிழ்நாட்டின் மொத்தக் கருவள விகிதம் 1.4. ஒன்று, மிஞ்சினால் இரண்டு. ஒரே பிள்ளை கிளம்பினால் வீடு படிப்படியாகக் காலியாவதில்லை, ஒரே ஒரு கல்லூரிச் சேர்க்கைப் பருவத்தில் காலியாகிறது. பல வீடுகளில் அந்தப் பருவம் இன்னும் முன்னதாகவே, பதினோராம் வகுப்புக்கு நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளிகளில் சேர்க்கும்போதே வந்துவிடுகிறது. 2024இல் வெளிநாடுகளில் படித்த இந்திய மாணவர்கள் 13 லட்சத்துக்கும் மேல் என்று வெளியுறவு அமைச்சகம் கணக்குச் சொன்னது. தாயும் தகப்பனும் அப்போது நாற்பதுகளின் கடைசியில் இருப்பார்கள். ஓய்வுபெற இன்னும் பத்து வருஷம் இருக்கும். கல்விக் கடனை அடைக்க அதற்கும் மேலேகூட ஆகலாம்.

இந்த வெறுமை ஒரு நோயா என்ற கேள்வி அமெரிக்கச் சமூகவியலில் அரை நூற்றாண்டாக ஓடுகிறது. 1970களின் தொடக்கத்தில் பாலின் பார்ட், மனநல மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்ட நடுவயதுப் பெண்களின் பதிவுகளைப் படித்து, தாய் என்ற ஒரே வேலையில் தன்னை முழுக்கக் கரைத்தவர்களே பிள்ளைகள் போனதும் அதிகமாக உடைகிறார்கள் என்றார். 1979இல் லிலியன் ரூபின் நடுவயதுப் பெண்களைச் சந்தித்துப் பேசி நேர்மாறாக எழுதினார்: பெரும்பாலோர் நிம்மதிப் பெருமூச்சு விடுகிறார்கள், அதை வெளியே சொல்லத்தான் கூச்சப்படுகிறார்கள். 2008இல் வந்த ஒரு நீண்டகால ஆய்வு கலிபோர்னியாவின் மில்ஸ் கல்லூரியில் படித்த பெண்களைப் பதினெட்டு ஆண்டுகள் தொடர்ந்தது. பிள்ளைகள் வெளியேறியபின் அவர்களின் மணவாழ்க்கை நிறைவு கூடியிருந்தது. கணவனோடு செலவழிக்கும் நேரம் கூடியதால் அது நிகழவில்லை. இருக்கிற நேரம் இனித்தது.

இந்த முடிவுகளை அப்படியே நம் வீட்டுக்குள் கொண்டுவர முடியுமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. அங்கே பிள்ளை பதினெட்டில் போவது எதிர்பார்த்த ஒன்று. இங்கே அது படிப்புக்காகப் போவது, ‘திரும்பி வரப்போகிற’ போவது. திரும்பி வருவான் என்று அறையை அப்படியே வைத்திருக்கிறோம். அம்மா மட்டும் வீட்டில் இருக்கும் குடும்பங்களில் பார்ட் சொன்னது அப்படியே நடக்கிறது. காலை ஐந்தரைக்கு எழுந்து டிபன் பாக்ஸ் கட்டிய கைகளுக்கு ஏழு மணிக்கு வேலை இல்லை. இருவரும் வேலைக்குப் போகிற வீடுகளில் ரூபின் சொன்னதும் நடக்கிறது. அதை ஒத்துக்கொள்கிறவர்கள் குறைவு. ‘என்ன, பையன் இல்லாம வெறிச்சுன்னு இருக்குமே?’ என்று அக்கம்பக்கத்தார் கேட்டால், ‘ஆமாங்க’ என்பதைத் தவிர வேறு பதில் சொல்ல நம் ஊரில் இடமில்லை.

இந்த இடத்தில்தான் நாய் வருகிறது. நாய் மனிதனுக்கு நல்லதா? ஆம் என்று சொல்லத் துடிக்கும் ஆய்வுகள் நிறைய. 1980இல் எரிகா ஃப்ரீட்மன் குழு, இதய நோயால் மருத்துவமனையில் சேர்ந்த 92 பேரை ஓராண்டு கவனித்தது. வளர்ப்புப் பிராணி உள்ள 53 பேரில் மூவர் இறந்தார்கள். இல்லாத 39 பேரில் பதினொருவர். செல்லப்பிராணி பற்றிய பெருமிதப் பேச்சில் பெரும்பகுதி இங்கிருந்துதான் கிளம்பியது. 2017இல் ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தார் 40 முதல் 80 வயது வரையிலான 34 லட்சம் பேரின் பதிவுகளை அலசினார்கள். அந்நாட்டில் 2001 முதல் நாயைப் பதிவு செய்வது கட்டாயம் என்பதால் யார் வீட்டில் நாய் என்பது அரசாங்கத்துக்கே தெரியும். தனியாக வாழ்ந்து நாய் வளர்த்தவர்களின் மரண அபாயம் 33 சதவீதம் குறைவாக இருந்தது. பலர் வாழும் வீட்டில் அந்தக் குறைவு 11 சதவீதம்.

எண்கள் மயக்குகின்றன. ஆனால் நாய் வளர்க்கிறவர்கள் ஏற்கெனவே நடக்கத் தெம்புள்ளவர்களாக, கொஞ்சம் வசதியுள்ளவர்களாக இருக்கலாம். அமெரிக்க உளவியலாளர் ஹால் ஹெர்சாக் 2011இல் இந்த ஆய்வுக் குவியலைப் புரட்டி, ஆதாரங்கள் ஒன்றோடொன்று முரண்படுகின்றன, நாய் நலம் தரும் என்பது இன்னும் ஓர் ஊகம்தான் என்றார். அவரும் வீட்டில் பூனை வளர்ப்பவர். பிராணி வெறுப்பில் சொன்னதல்ல. மறுபக்கக் கணக்கும் உண்டு. நாயைக் கயிற்றில் பிடித்துப் போகும்போது எலும்பு முறிந்து அமெரிக்க மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுக்கு வந்த 65 வயது கடந்தவர்கள் 2004இல் 1,671 பேர், 2017இல் 4,396 பேர். முக்கால்வாசிக்கும் மேல் பெண்கள். முப்பது கிலோ லாப்ரடார் எதிரே பூனையைப் பார்த்தால் என்ன ஆகும் என்பது மூட்டுவலிக்காரருக்குத் தெரியும்.

என் முடிவு இதுதான்: பிள்ளை போன வீட்டில் நாயின் அன்பைவிட நாயின் வேலைதான் பெற்றோரைப் பிடித்து நிறுத்துகிறது. அன்பு ஒரு நாள் போதும், மறுநாள் போதாது. காலை ஐந்தரைக்கு வாசல் கதவைப் பிராண்டும் ஜீவனிடம் ‘இன்றைக்கு எனக்கு மனசு சரியில்லை’ என்று சொல்ல முடியாது. டிபன் பாக்ஸ் கட்டிய கைகள் கயிற்றைப் பிடிக்கின்றன. சென்னையில் தார்ரோடு சுடுவதற்கு முன் போய் வந்தாக வேண்டும். உண்ணி பார்க்க வேண்டும், காது துடைக்க வேண்டும், ரேபிஸ் ஊசியும் ஏழுநோய்த் தடுப்பூசியும் எந்த மாதம் என்று நினைவில் வைக்க வேண்டும். தெருவில் நான்கு பேர் முகம் பழகுகிறது. பல ஆண்டுகள் ஒரே அடுக்ககத்தில் இருந்தும் ‘ரித்திக் அம்மா’ என்று மட்டுமே அறியப்பட்டவர், பிள்ளை போனபின் ‘ப்ரௌனி அம்மா’ ஆகிறார். இதை இழிவு என்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை; குறைந்தபட்சம் இந்தப் பெயரோடு அவர் தினம் இருமுறை வெளியே வருகிறார்.

பேச்சுக்கும் நாய் வேண்டியிருக்கிறது. ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழக மொழியியலாளர் டெபோரா டானென், குடும்பங்கள் தங்கள் வீட்டில் பதிவுசெய்த அன்றாடப் பேச்சை ஆராய்ந்து 2004இல் ஒரு கட்டுரை எழுதினார். வீட்டிலுள்ளவர்கள் நாயிடம் பேசுவதுபோல, நாயாகவே பேசுவதுபோல, ஒருவருக்கொருவர் சொல்லவேண்டியதைச் சொல்லிக்கொள்கிறார்கள். கண்டிப்பு, கேலி, மன்னிப்பு எல்லாம் அந்த வழியாகப் போகின்றன. நம் வீடுகளில் இதற்கு ஆராய்ச்சியே தேவையில்லை. ‘உங்கப்பாகிட்ட கேளுடா, இன்னிக்காவது நேரத்தோட வருவாரான்னு.’ ‘உங்கம்மாவுக்குக் கோபம், நாம ரெண்டு பேரும் வெளியில போயிடலாம் வா.’ இருபது வருஷம் பிள்ளையின் பரீட்சையையும் பீஸையும் பற்றி மட்டுமே பேசிய இருவருக்கு, பிள்ளை போன பின்பு பேச ஒரு மூன்றாம் ஆள் தேவைப்படுகிறது. மில்ஸ் கல்லூரிப் பெண்களுக்குக் கிடைத்த இனிப்பு நம்மவர்களுக்கு நாய் வழியாகச் சுற்றிக்கொண்டு வருகிறது என்று நினைக்கிறேன்.

பிள்ளையோடு பேசுவதற்கும் அதே நிலை. அமெரிக்கக் கிழக்குக் கரையில் படிக்கும் பெண்ணுக்கும் மதுரைக்கும் கோடையில் ஒன்பதரை மணி நேர வித்தியாசம், குளிரில் பத்தரை. இவர்கள் தூங்கப்போகும் நேரம் அவள் வகுப்புக்கு நடுவில் அழைக்கிறாள். ‘சாப்பிட்டியா?’ ‘ம்.’ ‘என்ன சாப்பிட்ட?’ ‘ஏதோ.’ அதற்குமேல் நகராத உரையாடலை, ‘சரி, டைகரைக் காட்டு’ என்ற ஒரு வாக்கியம் பத்து நிமிஷம் நீட்டிவிடும். செல்போனை நாயின் மூக்குக்கு நேரே பிடித்தபடி குனிந்திருக்கும் அப்பாவின் முழங்கால் வலியை அந்தப் பக்கம் யாரும் பார்ப்பதில்லை. பெண் தன் வீட்டு ஏக்கத்தை அம்மாவிடம் சொன்னால் அம்மா அழுவாள் என்பதால் நாயிடம் சொல்கிறாள். அம்மா அதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் நிற்கிறாள்.

திரையில் தெரிவது யார் என்று நாய்க்குத் தெரிகிறதா? கியோட்டோ பல்கலைக்கழகத்தில் அடாச்சியும் சக ஆய்வாளர்களும் 2007இல் ஒரு சோதனை செய்தார்கள். உரிமையாளரின் குரலைக் கேட்கவைத்து, பிறகு கணினித் திரையில் ஒரு முகத்தைக் காட்டினார்கள். குரலுக்குரிய முகத்துக்குப் பதில் வேறு முகம் வந்தபோது நாய்கள் அதிக நேரம் உற்றுப் பார்த்தன. குரல் கேட்டதும் முகத்தை எதிர்பார்த்திருக்கின்றன என்பது இதன் பொருள். ஆனால் அலைபேசித் திரையில் இல்லாத ஒன்று நாய்க்கு எல்லாவற்றையும்விட முக்கியம்: வாசனை. அமெரிக்காவில் கிரெகரி பெர்ன்ஸ் குழு, நாய்களை அசையாமல் படுக்கப் பழக்கி மூளையைப் படமெடுத்தது. ஐந்து வாசனைகளை முகரக் கொடுத்தார்கள். அவற்றில், பழகிய மனிதரின் வாசனைக்குத்தான் மூளையின் பரிசை எதிர்நோக்கும் பகுதி மிகுதியாக விழித்தது. அந்த மனிதர் அப்போது அந்த அறையில்கூட இல்லை. விடுதியிலிருந்து வந்த அழுக்குத்துணி மூட்டையின்மேல் நாய் ஏன் படுத்துக்கொள்கிறது என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டாம். துவைப்பதற்கு முன் ஒரு பனியனை அதனிடமே விட்டுவைக்கும் அம்மாக்கள், இந்த ஆய்வைப் படிக்காமலேயே சரியாகச் செய்கிறார்கள்.

நாய் ஏங்குகிறதா என்பதில் மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும். வாசலில் படுத்துக் கிடப்பதையெல்லாம் காத்திருப்பாகப் படிக்க நமக்கு ஆசை. ஸ்வீடனில் ரெயனும் கீலிங்கும் 2011இல், பன்னிரண்டு நாய்களை அரைமணி, இரண்டு மணி, நான்கு மணி நேரம் தனியே விட்டுப் பார்த்தார்கள். அரைமணிக்குப் பின் வந்த வரவேற்பைவிட இரண்டு மணிக்குப் பின் வந்த வரவேற்பு பெரிது. ஆனால் இரண்டுக்கும் நான்குக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இதை வைத்து ஆறு மாதத்தைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது என்பது உண்மை. ஜப்பானின் அசாபு பல்கலைக்கழகத்தார் 2022இல், பல மணி நேரம் கழித்து உரிமையாளரைப் பார்க்கும்போது நாயின் கண்ணில் நீர் கூடுகிறது என்று அளந்து காட்டினார்கள். அதே பல்கலைக்கழகத்திலிருந்து 2015இல் வந்த ஆய்வுப்படி, நாயும் மனிதரும் கண்ணோடு கண் பார்க்கும்போது இருவர் உடலிலும் ஆக்சிடோசின் ஏறுகிறது. தாயும் சேயும் பார்த்துக்கொள்ளும்போது சுரக்கும் அதே ஹார்மோன். அதனால், மகன் தீபாவளிக்கு வந்ததும் நாய் குதித்து அழுது சிறுநீர் கழிப்பது நடிப்பல்ல. அவன் போன மறுவாரம் அது சாப்பிடாமல் கிடந்தால், ஏக்கம் என்று முடிவு கட்டும் முன் உண்ணிக் காய்ச்சலுக்கு ரத்தம் பார்த்துவிடுவது நல்லது. நம் ஊர் வெயிலிலும் புல்லிலும் அதற்குத்தான் வாய்ப்பு அதிகம். ஏக்கம் என்று விட்டுவிட்டு, கடைசி நேரத்தில் வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்கு ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள் உண்டு.

சாப்பாடு விஷயத்தில் எனக்குக் கோபமே வருகிறது. மகன் இருந்தபோது அவன் பாதி தின்று வைத்த தோசை நாய்க்குப் போகும். மகன் போனபிறகு முழுத் தோசையே நாய்க்காக வார்க்கப்படுகிறது. சமைத்துப் போட ஆளில்லாத ஒரு தாயின் கை அடங்குவதில்லை. காலையில் இரண்டு இட்லி, பதினொரு மணிக்கு பிஸ்கட், மதியம் தயிர்சாதமோ சிக்கன் சாதமோ, நாலு மணிக்கு அப்பா டீ குடிக்கும்போது பன், இரவில் அளந்து போடவேண்டிய பாக்கெட் தீனி அளக்காமல். ‘பாவம், கேக்குதே’ என்பார்கள். கேட்கத்தான் செய்யும். கேம்பிரிட்ஜில் எலனார் ராஃபன் குழு 2016இல் கண்டது இது: லாப்ரடார்களில் நான்கில் ஒன்றுக்கு ஒரு மரபணுவில் ஒரு துண்டு விடுபட்டிருக்கிறது. வயிறு நிறைந்தது என்ற சேதி அதன் மூளைக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்வதில்லை. அது பசியில் கெஞ்சும் கண்ணை வைத்துக் கொண்டு முடிவெடுத்தால் எடை ஏறிக்கொண்டேதான் போகும்.

அந்த எடை எவ்வளவு ஆயுளைத் தின்னும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. பியூரினா நிறுவனம் 48 லாப்ரடார்களை இணை இணையாகப் பிரித்துச் சாகும்வரை தொடர்ந்தது. முடிவு 2002இல் வந்தது. ஒவ்வொரு இணையிலும் ஒன்றுக்கு மற்றதைவிடக் கால்பங்கு குறைவான தீனி. குறைத்துத் தின்றவற்றின் இடைநிலை ஆயுள் 13 ஆண்டுகள், மற்றவற்றுக்கு 11.2. மூட்டுத் தேய்மானமும் குறைத்துத் தின்றவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. நம் கணக்கில் வைத்துப் பார்த்தால், அந்த ஒன்றே முக்கால் வருஷச் சொச்சத்தில் மகளின் முதுகலைப் படிப்பு முடிந்துவிடும். அவள் திரும்பி வரும்போது நாய் உயிரோடு இருப்பதும் இல்லாமல் போவதும் பல வீடுகளில் அந்த நாலு மணி பன்னில் இருக்கிறது. விலா எலும்பு கைக்குத் தடவினால் தட்டுப்பட வேண்டும் என்று கால்நடை மருத்துவர் ஒவ்வொரு முறையும் சொல்கிறார். நாம் ஒவ்வொரு முறையும், ‘ஒண்ணுமே சாப்பிடறதில்ல டாக்டர்’ என்கிறோம்.

அடுத்தது கட்டு. நாயை வைத்துக்கொண்டு பிள்ளையைப் பார்க்கப் போக முடிவதில்லை. ரயிலில் நாயோடு போவதென்றால் முதல் வகுப்பு ஏசியில் ஒரு கூபேயையோ கேபினையோ முழுதாகப் பதிவு செய்ய வேண்டும். இல்லையேல் கார்டு பெட்டியிலுள்ள நாய்க்கூண்டில் அது தனியாக வரும். வயசான நாயை அதில் அடைத்துக் கோயம்புத்தூர் வரை கூட்டிப்போக யாருக்கும் மனசு வராது. போர்டிங்கில் விட்டுப் போகலாம். தினக் கட்டணம் ஒரு பக்கம், இதுவரை கூண்டு பார்க்காத பத்து வயது நாய் அங்கே தின்னாமல் கிடக்கும் என்ற பயம் மறுபக்கம். ஆகவே பட்டமளிப்பு விழாவுக்கு அம்மா மட்டும் போகிறாள், அப்பா நாயோடு இருக்கிறார். புகைப்படத்தில் அப்பா இல்லாத காரணத்தைப் பிற்பாடு பேரப்பிள்ளைகள் கேட்பார்கள்.

நாயையே பிள்ளையிடம் அனுப்பலாமே என்று சிலருக்குத் தோன்றும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கு இந்தியாவிலிருந்து நாய் போக வேண்டுமானால் மைக்ரோசிப், ரேபிஸ் தடுப்பூசி, அதன்பின் முப்பது நாள் கழித்து எதிர்ப்பாற்றல் ரத்தப் பரிசோதனை, அதற்குப் பிறகும் மூன்று மாதக் காத்திருப்பு என்று வரிசை உண்டு. எல்லாம் முடித்தாலும் மாணவன் குடியிருக்கும் அறையில் நாய்க்கு இடமிருக்காது.

அடுக்ககத்தில் வேறு தொல்லைகள். லிப்டில் ஏறக்கூடாது, பார்க்கில் விடக்கூடாது என்று சங்கக் கூட்டத்தில் தீர்மானம் போடுவார்கள். நாய் வளர்ப்பதைச் சங்கங்கள் தடைசெய்ய முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இலேயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. மறுபக்கம், வளர்ப்பவருக்கும் கடமை இருக்கிறது: மாநகராட்சி உரிமம், ஆண்டுதோறும் ரேபிஸ் ஊசி, அள்ளுவதற்கு ஒரு பை. இரண்டு பக்கமும் சட்டத்தைப் படித்தால் வாட்ஸப் குழுவில் பாதிச் சண்டை குறையும்.

பிறகு முதுமை. நாய்க்கு மறதி வரும் என்பது பலருக்கு முதன்முதலில் கேட்கும்போது நம்பமுடியாத செய்தி. கலிபோர்னியாவில் 2001இல் வந்த ஆய்வில் 11, 12 வயது நாய்களில் 28 சதவீதத்துக்கும், 15, 16 வயதில் 68 சதவீதத்துக்கும் அறிவுத்திறன் தளர்வின் ஓர் அறிகுறியாவது இருந்தது. நடுராத்திரி இரண்டு மணிக்கு அது கூடத்தில் வட்டமடிக்கும். கதவின் கீல் பக்கம் போய் நின்று திறக்கச் சொல்லும். பழகிய வீட்டுக்குள் மூத்திரம் போகும். பின்னங்கால் தளர்ந்த முப்பது கிலோவை, இடுப்புவலிக்காரர் ஒருவரும் ரத்த அழுத்தக்காரர் ஒருவரும் துண்டு கட்டித் தூக்கி மாடிப்படி இறக்குவார்கள். ஐம்பத்தைந்து வயதில் தம்பதிகள் முதன்முதலாகத் தங்கள் முதுமையை நாயின் உடம்பில் பார்த்துவிடுகிறார்கள். இருவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

இங்கேதான் பிள்ளையிடம் சொல்வதா மறைப்பதா என்ற கேள்வி. தமிழ்க் குடும்பங்களுக்குத் தேர்வு நேரத்தில் சாவை மறைப்பது பழக்கம். பாட்டி இறந்ததையே செமஸ்டர் முடியும்வரை சொல்லாமல் வைத்தவர்கள் உண்டு. நாய் விஷயத்தில் அதை இன்னும் சுலபமாகச் செய்கிறார்கள். ‘தூங்கறான்’, ‘வாக்கிங் போயிருக்கான்’, ‘அப்பறம் காட்டறேன்’ என்று வீடியோ அழைப்புகளில் ஒரு மாதம் ஓடுகிறது. பிள்ளை இரண்டாவது வாரமே ஊகித்துவிடுகிறான். பெற்றோரின் பொய்யைக் காப்பாற்றுவதற்காக அவனும் கேட்பதை நிறுத்திவிடுகிறான். இரண்டு பக்கமும் தனித்தனியே அழுவதைவிட மோசமான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. நாய் படுத்தவுடனேயே சொல்லிவிட வேண்டும். தீராத வலியில் கிடக்கும் நாய்க்கு ஊசி போட்டு முடிவு கொடுப்பதா என்று மருத்துவர் கேட்கும்போது பிள்ளைக்கும் அந்த முடிவில் பங்கு வேண்டும். அவன் கேட்டு வந்த நாய் அது. கடைசியாக ஒருமுறை செல்போனை அதன் காதருகே வைத்து அவன் குரலைக் கேட்கவைக்கலாம்; அடாச்சியின் நாய்கள் குரலை அறிந்தன என்பது இங்கே ஒரு சின்னப் பயன்.

நாய்க்காக மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தால் ஊர் சிரிக்கிறது. அலுவலகத்தில் விடுப்புக் கேட்க முடியாது. இப்படி உலகம் துக்கமாகவே ஒத்துக்கொள்ளாத துக்கங்களைப் பற்றி அமெரிக்கரான கென்னத் டோகா 1989இல் தனி நூலே கொண்டுவந்தார். இந்தத் துக்கத்தை ஒத்துக்கொள்ள நாம் வெளியே போகவேண்டியதில்லை. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் 7ஆம் நூற்றாண்டு நடுகல் ஒன்று கிடைத்திருக்கிறது. மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. மாடு கவரும் சண்டையில் இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனோடு அவன் நாயையும் செதுக்கி, கோவிவன் என்று அதன் பெயரையும், அது கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்றதையும் கல்லில் பொறித்திருக்கிறார்கள். பல்லவர் காலத்து மக்கள் ஒரு நாயின் பெயரைக் கல்லில் வெட்ட வெட்கப்படவில்லை. இவ்வளவுக்கும் நாயை வீட்டு நிலைப்படி தாண்ட விடாத தாத்தா பாட்டிகளின் பேரப்பிள்ளைகள்தான் நாம். ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் தோட்டத்தில்தான் கிடந்தன. நாயை மெத்தைக்கு ஏற்றியது நம் தலைமுறை.

நாய் போனபின் வீடு இரண்டாம் முறை காலியாகிறது. முதல் முறை கிளம்பியவனிடமிருந்து போன் வரும். இம்முறை வருவதற்கு எதுவும் இல்லை. பத்து நாளில் யாராவது ஒரு குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பார்கள், நல்ல எண்ணத்தோடுதான். ஐம்பத்தெட்டு வயதில் குட்டி எடுத்தால் எழுபத்தொன்றில்தான் அது முடியும். அந்த வயதில் தார்ரோட்டில் லாப்ரடார் இழுத்தால் என்னாகும் என்று மேலேயே பார்த்தோம். எடுத்தே ஆக வேண்டும் என்பவர்களுக்கு ஐந்தாறு வயது கடந்த, யாரோ கைவிட்ட நாய் பொருத்தம். காப்பகங்களில் அப்படிப்பட்டவை ஏராளம், குட்டிகளைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். பத்துப் பன்னிரண்டு கிலோவுக்குள் இருக்கும் நாட்டு நாய் என்றால் இன்னும் நல்லது; சப்பை மூக்கு இனங்கள் நம் ஊர்ச் சித்திரையில் மூச்சுக்குத் திணறும்.

எடுக்கிற அன்றே ஒரு காகிதம் எழுதி குளிர்சாதனப் பெட்டிமேல் ஒட்டிவிட வேண்டும்: ஊசி தேதிகள், மருத்துவர் எண், எதைத் தின்றால் ஒத்துக்கொள்ளாது, நாங்கள் மருத்துவமனையில் படுத்தால் யார் வந்து கூட்டிப்போவது. அந்தக் கடைசி வரியில் எழுதவேண்டிய பெயரைச் சம்பந்தப்பட்டவரிடம் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். டொராண்டோவில் இருக்கும் மகனின் பெயரை அங்கே எழுதிப் பயனில்லை. கீழ்வீட்டில் பத்தாம் வகுப்புப் படிக்கிற பையன் சரியென்று சொல்லக்கூடும், ஆனால் அவனும் இன்னும் இரண்டு வருஷத்தில் விடுதிக்குப் போய்விடுவான். அவன் அம்மாவிடம் கேட்பது நல்லது.